‘காலாவதியான விமானம்’ என்ற சொல் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் சிறிய விமானங்களின் விபத்துகள் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட விமானம் ஒன்றைத் தலைப்பிலேயே ‘காலாவதியான விமானம்’ என்று குறிப்பிட்டிருந்ததும், இயந்திரம் நின்றால் அது கல்லைப் போல விழுந்துவிடும் என்று உள்ளே எழுதியிருந்ததும் திருத்தப்பட வேண்டியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். மருந்துப் போத்தலுக்கும் பால்மாப் பைக்கும் காலாவதித் திகதி உண்டு. விமானத்தில் அப்படி ஒரு திகதியை யாரும் அச்சிடுவதில்லை.

நான் வன்னியில் உள்ள புளியங்குளத்தைச் சேர்ந்தவன். 1986இல் கனடாவுக்குச் சென்று, ஒன்ராறியோவில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டே விமானம் ஓட்டப் பழகி, தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றேன். 1998இல் நண்பர்கள் இருவரோடு பங்கு சேர்ந்து, 1969இல் செய்யப்பட்ட செஸ்னா 172 ஒன்றை வாங்கினேன். நான்கு இருக்கை, நான்கு சிலிண்டர், 150 குதிரைவலு. பத்தொன்பது ஆண்டுகள் அதை ஓட்டியும் பராமரித்தும் வந்து, 2017இல் விற்றுவிட்டு ஊர் திரும்பினேன். விமானம் வைத்திருந்தவன் என்றதும் ஊரில் சிலர் என்னைக் கோடீஸ்வரனாக எண்ணிக்கொள்கிறார்கள். என் பங்குக்கு நான் கொடுத்த பணம் அன்றைக்கு அங்கே ஒரு புதுக் கார் வாங்கக் காணாது.

சொந்தமாக விமானம் வைத்து ஓட்டுபவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழையவையே என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 இதுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த வகை விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. ஆனால், எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் அதைச் செய்த நிறுவனத்தின் மீதே நட்டஈட்டு வழக்கு என்ற நிலை அமெரிக்காவில் முற்றியபோது, செஸ்னா 1986இல் பிஸ்ரன் இயந்திர விமானங்கள் செய்வதையே நிறுத்திக்கொண்டது. அப்பொறுப்புக்கு 18 ஆண்டு எல்லை வைத்து 1994இல் சட்டம் வந்த பிறகுதான், 1996இல் திரும்பத் தொடங்கியது. அதற்கு முன் செய்து குவித்தவையே எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டின.

2002இல் ஏ9 வீதி திறந்ததும் ஊருக்கு வந்தபோது, இந்த விமானத்தின் படத்தை அண்ணருக்குக் காட்டினேன். முப்பத்துமூன்று வயது விமானம் என்றேன். அண்ணர் முற்றத்தில் நின்ற தன் மசி பேர்குசனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப எங்கட மிசினைவிட இளசுதானே தம்பி” என்றார். போர்க்காலப் பொருளாதாரத் தடை நீடித்த காலம் முழுவதும் அந்த உழவு இயந்திரத்தை ஓட வைத்தவர் அவர். அதே காலத்தில் தன் மோட்டார் சைக்கிளை ஒரு மூடியளவு பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பத்து மைலுக்கு ஒரு தடவை இறங்கிக் கரி பிடித்த பிளக்கைத் துடைத்து ஓடியவர். வன்னியில் அப்படி ஓடாதவர்கள் குறைவு. ஆகவே, பழைய இயந்திரம் என்றால் என்ன என்பதை இந்த மண்ணில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அண்ணரின் கைவேலையில் எது விமானத்துக்குப் பொருந்தும், எது பொருந்தவே பொருந்தாது என்பதைத்தான் நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பொருந்துவதைச் சொல்கிறேன். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பியைத் திறந்து பார்த்தவர் எவரும் இந்த விமான இயந்திரத்தின் முன் திகைத்து நிற்கமாட்டார். இரண்டுமே காற்றால் குளிர்பவை. இரண்டிலும் காபரேற்றர் உண்டு. இரண்டிலும் தீப்பொறியைத் தருவது மக்னீற்றோ. பற்றறி செத்தாலும், மின்கம்பிகள் எல்லாம் எரிந்தாலும், மக்னீற்றோ சுற்றும்வரை இயந்திரம் ஓடும். வேறுபாடு என்னவென்றால், பம்பியில் மக்னீற்றோ ஒன்று, சிலிண்டருக்குப் பிளக் ஒன்று. விமானத்தில் மக்னீற்றோ இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் இரண்டு. ஒவ்வொரு தடவையும் மேலெழுவதற்கு முன், இயந்திரத்தை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, ஒரு மக்னீற்றோவை நிறுத்தி மற்றதில் மட்டும் ஓட்டிப் பார்ப்போம். 125 சுற்றுக்கு மேல் குறைந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. வீட்டில் பிள்ளைகள் வெளிக்கிட்டு வந்து பின்னால் ஏறியிருந்தாலும் இல்லை. எனக்கு அப்படி மூன்று தடவை நடந்திருக்கிறது. மூன்று தடவையும் கீழ்ப் பிளக்குகளில் ஈயம் அடைத்திருந்தது. அந்த இயந்திரம் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெற்றோலில் ஈயம் குறைவு. இப்போது கிடைக்கும் நீல நிற விமானப் பெற்றோலில் அதிகம். பிளக்கைக் கழற்றினால் உள்ளே கடுகளவு ஈய உருண்டைகள் ஒட்டியிருக்கும். கூரான ஊசியால் கிளறித்தான் எடுக்க வேண்டும். அண்ணர் கரியைத் துடைத்தார், நான் ஈயத்தைக் கிளறினேன்.

இனி வயது பற்றி. விமானத்தின் தேய்மானத்தைக் கணிப்பது பறந்த மணித்தியாலங்களை வைத்தே தவிர, பிறந்த ஆண்டை மட்டும் வைத்தல்ல. எங்கள் லைக்கோமிங் இயந்திரத்துக்கு 2,000 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அல்லது 12 ஆண்டுக்கு ஒரு தடவை, முழுமையாகப் பிரித்து ஓவர்ஹோல் செய்யுமாறு செய்த நிறுவனமே சொல்கிறது. விமான உடலுக்கு ஒரு பதிவேடு, இயந்திரத்துக்கு ஒன்று, முன் விசிறிக்கு ஒன்று, ஒவ்வொரு நாளின் பறப்புக்கு ஒன்று எனப் பதிவேடுகள் உண்டு. 1969இல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அதில் இறுக்கப்பட்ட ஆணிகள், மாற்றப்பட்ட ரயர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் கையெழுத்தோடு அவற்றில் இருந்தன. முதல் உரிமையாளர் எழுதிய மை மங்கி மண்ணிறமாகிவிட்டது, ஆனாலும் வாசிக்கலாம்.

கட்டுரையாளர் ஒரு நிகழ்வைக் கவனித்திருந்தால் அந்தத் தலைப்பை வைத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். 2018 ஏப்பிரல் 4ஆம் திகதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பயிற்சிப் பறப்பில் இருந்த பைப்பர் ஆரோ விமானம் ஒன்றின் இறக்கை வானிலேயே கழன்று, அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். அந்த விமானம் 2007இல் செய்யப்பட்டது. பதினொரு வயது! இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில், ஆணி செல்லும் துளையின் ஓரத்தில், உலோகம் களைத்து வெடிப்பு விழுந்திருந்தது. நாளாந்தம் மாணவர்களைக் கொண்டு இறங்கி ஏறி, இறங்கி ஏறி, குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் உழைத்த விமானம் அது. பின்னர் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் அவ்வகை விமானங்களின் துளைகளைப் பரிசோதிக்கக் கட்டளையிட்டபோது, எவற்றை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு வைத்தது. பயிற்சிக்கும் வாடகைக்கும் உழைத்த மணித்தியாலங்களை முழுதாக எண்ணு. தனியார் பறப்பில் கழிந்தவற்றை 17ஆல் வகுத்துச் சேர். கூட்டுத்தொகை 5,000ஐ எட்டினால் பரிசோதி. செய்த ஆண்டு அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பறந்த அறுபது வயது விமானம் அதில் தப்பிவிடும். பத்து வயதுப் பயிற்சி விமானம் அகப்பட்டுக்கொள்ளும்.

அதற்காக ஆண்டுகள் ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இறப்பர்க் குழாய்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இறுகி வெடிக்கும். மின்கம்பிகளின் மேலுறை உதிரும். பழைய செஸ்னாக்களில் விமானியின் இருக்கை நகரும் தண்டவாளத்தில் உள்ள துளைகள் தேய்ந்து, பூட்டும் ஊசி சரியாக அமராமல், மேலெழும் வேளையில் இருக்கை பின்னுக்கு வழுக்கி, விமானி பிடித்திருக்கும் சுக்கானையும் தன்னோடு இழுத்து உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகள் உண்டு. அதற்காகவே 1987இல் வந்த கட்டளையின்படியும், 2011இல் அதற்குப் பதிலாக வந்த கட்டளையின்படியும் அந்தத் துளைகளையும் ஊசியையும் குறித்த இடைவெளிகளில் அளந்து பார்க்க வேண்டும். பல நூறு பாகங்களுக்குள் ஒரு துளை. நான் ஒவ்வொரு தடவையும் ஏறி அமர்ந்ததும் இரண்டு காலையும் ஊன்றி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பேன். இப்போதும் பேருந்தில் ஏறினால் அதைச் செய்துவிட்டு, பின்னால் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்கள் விமானத்துக்கு நேர்ந்த பெரும் கேடு பறந்ததால் வந்தது அல்ல. 2004ஆம் ஆண்டின் இறுதியில் பங்காளிகளில் ஒருவர் விலக விரும்பினார். பங்கின் விலையில் இழுபறி. யார் காசில் எரிபொருள் அடிப்பது என்ற வாக்குவாதத்தில் ஏழு மாதம் விமானம் கொட்டிலில் நின்றது. அந்த இயந்திரத்தில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு மேற்பக்கத்தில் இருக்கிறது. ஓடும்போது ஒயில் தெறித்து அதை நனைக்கும்; நிறுத்தினால் ஒயில் முழுவதும் கீழே வடிந்துவிடும். ஏழு மாதக் குளிரும் ஈரமும் வெறும் உருக்கின் மேல் வேலை செய்தன. வசந்தத்தில் இயந்திரம் முதல் அடியிலேயே உயிர்த்தது, ஓசையில் குறை இல்லை, நாங்களும் சமாதானமாகிப் பறந்தோம். இருபது சொச்சம் மணித்தியாலம் கழித்து ஒயில் மாற்றியபோது, வழக்கம்போலப் பழைய பில்ரரை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் கடதாசியை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மீன் செதில் தூள் போல மினுங்கியது. காந்தத்தை அருகே கொண்டுபோனேன். அத்தனையும் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டன. அலுமினியம் என்றால் ஒட்டாது. உருக்கு. திறந்து பார்த்தபோது கேமின் முனைகள் கறள் பிடித்து, பொரிந்து, பொருக்காக உரிந்துகொண்டிருந்தன. ஓவர்ஹோல் செய்ய, விமானம் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் சென்றது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பறந்திருந்தால் அந்தச் செலவு வந்திராது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. குறை எங்கள் மூவருடையது.

இப்போது அண்ணரின் கைவேலையில் பொருந்தாத பகுதிக்கு வருகிறேன். இல்லாத பொருளுக்கு இருக்கிற பொருளை வைத்துச் சமாளிப்பது வன்னியின் பெருமை. சேலைன் குழாய் பெற்றோல் குழாய் ஆனதையும், ரயர்த் துண்டு வோஷர் ஆனதையும் கண்ட தலைமுறை நாங்கள். அந்தப் பழக்கத்தை நான் கொட்டில் வாசலிலேயே கழற்றி வைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. கனடாவில், சொந்தத் தேவைக்கு ஓட்டும் சிறிய விமானத்தில் ஒயில் மாற்றுவது, பில்ரர் மாற்றுவது, ரயர் மாற்றுவது போன்ற சில எளிய வேலைகளை உரிமையாளரே செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம். மற்றவற்றை அனுமதி பெற்ற பராமரிப்புப் பொறியியலாளர் செய்ய வேண்டும், அல்லது அவரது கண்காணிப்பில் செய்து அவர் கையெழுத்திட வேண்டும். ஒரு தடவை, எரிபொருள் குழாயை இறுக்கும் வளையம் ஒன்று நைந்துபோயிருக்க, நான் வாகனக் கடையில் அதே அளவு, அதே நிறத்தில் ஒன்றை ஒரு டொலருக்கு வாங்கிக்கொண்டு சென்றேன். பொறியியலாளர் அதை வாங்கிப் பார்த்தார். நல்ல வளையம்தான் என்றார். குப்பைத் தொட்டியில் போட்டார். விமானப் பாகம் என்றால் அது எங்கே செய்யப்பட்டது, எந்தத் தரத்துக்குச் செய்யப்பட்டது என்ற தாள் கூடவே வர வேண்டும். அந்த வளையத்தின் விலையில் பெரும்பகுதி அந்தத் தாளின் விலை. எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அதே பொறியியலாளர்தான் வருடாந்தப் பரிசோதனையில் சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் 80 இறாத்தல் அமுக்கத்தில் காற்றை ஏற்றி, எவ்வளவு நிற்கிறது என்று எனக்குக் காட்டியவர்: முதல் இரண்டில் 76, 74, நான்காவதில் 77, மூன்றாவதில் மட்டும் 62. 60க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். காற்று எங்கே கசிகிறது என்று புகைபோக்கிக் குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். பாம்பு சீறுவது போல மெல்லிய ஓசை. வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை. பறக்கும்போது எனக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்கவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கு எரிபொருளில் தண்ணீர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தாங்கியின் அடியில் உள்ள வடிகுழாயில் கண்ணாடிக் குவளையை அழுத்தினால், நீலப் பெற்றோலுக்கு அடியில் நிறமற்ற ஒரு முத்து உருண்டுகொண்டிருக்கும். அது போகும்வரை வடிக்க வேண்டும். ஆனால் பனிக்கட்டி பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்ப நாட்டில் அது வராது என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தில் பெற்றோல் ஆவியாகும்போது அங்கே வெப்பநிலை 20 பாகைக்கும் மேலாகக் குறையக்கூடும். வெளியே 20 பாகை இருக்கும் ஈரமான நாளில், உள்ளே பனி படிந்து காற்றின் வழியை அடைக்கும். சிம்கோ ஏரிக்கு மேலே ஒரு செப்டெம்பர் மாலை, வெறும் சட்டையோடு இருந்த எனக்கு, 2,400இல் நின்ற சுற்று 2,200க்கு இறங்கியது சற்றுத் தாமதித்தே கண்ணில் பட்டது. சூடான காற்றைத் திருப்பும் பிடியை இழுத்தேன். இயந்திரம் முன்னிலும் மோசமாக இருமியது; உருகிய நீரைக் குடிக்கும்போது அப்படித்தான் இருமும், அந்நேரம் பிடியைத் திரும்பத் தள்ளிவிடக்கூடாது என்று படித்திருந்தேன். படித்ததை நம்பிக் கையைப் பிடியிலேயே வைத்திருந்த அந்த அரை நிமிடம் நீண்டது. பிறகு சுற்று ஏறியது. வன்னியின் மார்கழிக் காலைகளின் ஈரம் அந்த மாலையைவிட எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

ஒருவேளை இயந்திரம் அன்றைக்கு நின்றே போயிருந்தாலும் விமானம் கல்லாகியிராது. 1,000 மீற்றர் உயரத்தில் இயந்திரம் நின்றுபோன செஸ்னா 172, காற்றில்லாத நாளில், ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் வழுக்கிச் செல்லும். தரையைத் தொட நாலைந்து நிமிடம் உண்டு. அந்த நேரத்தில் இடத்தைத் தெரிவுசெய்யலாம். இறங்கும் வேகம், நம் ஏ9 வீதியில் இரவுப் பேருந்துகள் ஓடும் வேகத்தைவிடக் குறைவு. அறுவடை முடிந்த வயல் நல்ல இடம்தான், வரம்புக்குக் குறுக்கே இறங்காமல் வரம்போடு நீளமாக இறங்கினால். எனவே, சிறிய விமானம் ஒன்று வயலில் இறங்கி, உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்கள் என்றால், அது பெரும்பாலும் விமானி தன் பயிற்சியை ஒழுங்காகச் செய்ததன் விளைவு. உங்கள் கட்டுரை அதை அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தது.

வானில் இயந்திர ஓசை கேட்டால் இன்றும் எங்கள் வீட்டில் பெண்கள் அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். என்ன வகை, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே போவார்கள். ‘காலாவதியான விமானம்’ போன்ற ஒரு சொல் இங்கே விழும் இடம் வேறு என்பதையும் உங்கள் ஆசிரிய பீடம் கருத்தில் கொள்ளுமாறு கேட்கிறேன்.

இனிமேல் இத்தகைய செய்தி வந்தால், விமானம் செய்யப்பட்ட ஆண்டை எழுதுவதற்கு முன், இயந்திரம் கடைசி ஓவர்ஹோலுக்குப் பிறகு எத்தனை மணித்தியாலம் ஓடியது, கடைசி வருடாந்தப் பரிசோதனையில் கையெழுத்திட்டது எப்போது, கடந்த ஓராண்டில் அது எத்தனை மணித்தியாலம் பறந்தது என்று உங்கள் செய்தியாளர் விசாரிக்கட்டும். விடை ஒரு பதிவேட்டில் இருக்கும். எங்கள் விமானத்தை 2017இல் வாங்க வந்த இளைஞர், கொட்டிலுக்குள் அதைப் பார்க்கப் போகும் முன், பதிவேட்டுப் பெட்டியைத் தரச் சொல்லி அரை நாள் மேசையில் இருந்து வாசித்தார். 2004 இறுதியிலிருந்து ஏழு மாதம் ஒரு வரிகூட எழுதப்படாத பக்கத்தில் விரலை வைத்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன், விலையில் கொஞ்சம் குறைத்தார். அந்தப் பக்கங்களின் ஒளிப்படப் பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் செய்தியாளர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுவேன்.

இவ்வண்ணம்,
முன்னாள் விமான உரிமையாளர் ஒருவர்,
புளியங்குளம்.